பச்சையான தண்ணீர் மறுபடியும் ஊதா காட்டியது: ஹெக்ஸா குரோமைத் தேடிப் பிடித்த பதினொரு நாள்

மாதிரிப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நிறம் இல்லை, கலங்கல் இல்லை, அடியில் ஒரு துகள்கூட இல்லை. ஆனால் ஆய்வக அறிக்கையில் ஹெக்ஸா குரோம், அதாவது ஆறு இணைதிறனில் இருக்கும் குரோமியம், லிட்டருக்கு 0.9 மில்லிகிராம் என்று இருந்தது. எங்களுக்கு விதிக்கப்பட்ட வரம்பு 0.1. ஒன்பது மடங்கு. குடிநீரில் மொத்தக் குரோமியமே லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அந்தத் தண்ணீரை வெளியே விட மனம் வரவில்லை. கடைசி வால்வை அடைத்துவிட்டு, பட்டறை மேற்பார்வையாளரிடம் அலசும் தண்ணீரைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். எங்களிடம் இருந்த சேமிப்புத் தொட்டிகள் பன்னிரண்டு நாள் தாங்கும். அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

முதலில் எங்கள் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இது உலோகங்களுக்கு முலாம் பூசும் பட்டறையின் கழிவுநீர் நிலையம். பட்டறையில் மூன்று வரிசைகள்: கடின குரோம், நிக்கல், சயனைடு சேர்ந்த துத்தநாகம். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் பொருளைத் தூக்கி அலசும்போது அதில் ஒட்டியிருக்கும் கரைசல் அலசும் தண்ணீரோடு போகும். அந்தத் தண்ணீர்தான் எங்களிடம் வருகிறது. குரோம் தண்ணீருக்குத் தனித் தொட்டி, சயனைடு தண்ணீருக்குத் தனித் தொட்டி. இரண்டையும் தனித்தனியாகச் சுத்திகரித்து, அப்புறம் நிக்கல் தண்ணீரோடு சேர்த்து ஒரு பொதுத் தொட்டியில் சுண்ணாம்பு போட்டு உலோகங்களை வீழ்படியச் செய்கிறோம். படிந்த கசடு, அதைப் பிழிந்து பலகையாக்கும் ஃபில்டர் பிரஸ்ஸுக்குப் போகும். மேலே தெளிந்த தண்ணீர் மணல் வடிகட்டி வழியாக வெளியே போகும். எல்லாமே தொட்டி தொட்டியாகச் செய்யும் வேலை, தொடர் ஓட்டம் கிடையாது.

என்னோடு வேலை செய்பவர் மூத்த ஆபரேட்டர். பட்டறையில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். இளவயதில் குரோம் வரிசையில் நின்றவர். அவருடைய வலது கை ஆள்காட்டி விரலிலும் மணிக்கட்டிலும் வட்டமாகக் குழி விழுந்த தழும்புகள் இருக்கும். குரோமிக் அமிலம் பட்ட சின்னக் கீறல் ஆறாமல் உள்ளே தோண்டிக்கொண்டே போகும். குரோம் புண் என்பார்கள். மூக்கின் நடுச்சுவரிலும் இதே வேலையைக் காட்டும். நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்டது இந்த ஹெக்ஸா குரோம். இதே குரோமியம் மூன்று இணைதிறனில் இருக்கும்போது நஞ்சு பல மடங்கு குறைவு, செல்லுக்குள் எளிதில் நுழையவும் முடியாது. எங்கள் வேலையின் சாரமே ஆறை மூன்றாக்குவதுதான். குறைப்பு என்று சொல்வது இதைத்தான்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிக்கலோ துத்தநாகமோ தண்ணீரில் இருந்தால் சுண்ணாம்பு போட்டால் போதும், ஹைட்ராக்சைடாகி அடியில் இறங்கிவிடும். ஹெக்ஸா குரோம் இறங்காது. அமிலத்திலும் கரைந்திருக்கும், காரத்திலும் கரைந்திருக்கும். எவ்வளவு சுண்ணாம்பு கொட்டினாலும் அது பாட்டுக்கு வடிகட்டியைக் கடந்து போய்விடும். ஆகவே ஒரு கூடையில் நூல் அளவு ஓட்டை இருந்தாலும் அது மட்டும் தப்பித்துப் போகிற சரக்கு.

பீக்கரில் ஒரு நாள்

தொட்டியில் கை வைப்பதற்கு முன் பீக்கரில் செய்து பார்ப்பது என் பழக்கம். குரோம் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்தேன். நல்ல எலுமிச்சை மஞ்சள். குரோமியம் என்ற பெயரே நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1797-இல் வாக்லான் என்ற பிரெஞ்சு வேதியியலர் இதைக் கண்டறிந்தபோது அதன் சேர்மங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர் நிலைத்தது. எங்கள் வேலையில் அந்த நிறம்தான் முதல் வழிகாட்டி.

சல்பியூரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 2.3-க்குக் கொண்டுவந்தேன். மஞ்சள் கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. அப்புறம் புதிதாகக் கரைத்த சோடியம் மெட்டாபைசல்பைட். ஆறை மூன்றாக்கும் பொருள் இதுதான், நாங்கள் மெட்டா என்போம். முதல் சில மில்லிலிட்டரில் எதுவும் தெரியவில்லை. பிறகு மஞ்சள் அழுக்காகி, காய்ந்த இலை நிறமாகி, ஒரு கட்டத்தில் மளமளவென்று மாறி நீலம் கலந்த பச்சையாக நின்றது. ஓஆர்பி மீட்டரில் (தண்ணீரின் ஆக்சிஜனேற்றும் வலிமையை மில்லிவோல்ட்டில் காட்டுவது) 560 மில்லிவோல்ட்டிலிருந்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்த எண், அந்த நிறம் மாறும் இடத்தில் படியிலிருந்து விழுந்ததுபோல 260-க்கு வந்தது. தீக்குச்சி உரசிய வாடை லேசாக வந்தது. அது சல்பர் டை ஆக்சைடு. மூக்கில் ஏறினால் அமிலமோ மெட்டாவோ அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். காற்றோட்டம் இல்லாத இடத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

கணக்கும் சரியாக வந்தது. ஒரு கிராம் ஹெக்ஸா குரோமை மாற்ற 2.74 கிராம் மெட்டாபைசல்பைட் வேண்டும். எங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 80 மில்லிகிராம் இருந்தது. ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 80 கிராம் குரோம், கணக்குப்படி 220 கிராம் மெட்டா. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் கொஞ்சம் தின்றுவிடும் என்பதால் 280 கிராம்வரை போகும். மூட்டை திறந்து பல நாள் ஆன மெட்டா என்றால் வீரியம் குறைந்திருக்கும், இன்னும் அதிகம் வேண்டும். நாங்கள் தொட்டிக்கு 290 போட்டுக்கொண்டிருந்தோம். அளவில் குறை இல்லை.

பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து டைபீனைல்கார்பசைடு சோதனை செய்தேன். அமிலத்தில் இந்தக் கரைசல் ஹெக்ஸா குரோமைப் பார்த்ததும் ஊதாச் சிவப்பாகிவிடும். நூறில் ஒரு பங்கு மில்லிகிராம் அளவைக்கூடக் காட்டிக்கொடுக்கும். குழாயில் நிறமே இல்லை. ஆக பீக்கரில் எல்லாம் சரி. அப்படியானால் தொட்டியில் என்ன நடக்கிறது?

மீட்டர் சொன்ன பிஎச்சும் தண்ணீரின் பிஎச்சும்

தொட்டிக்குப் போனேன். அண்ணன் வழக்கம்போல ஒரு சுற்று முடித்துக் காட்டினார். பிஎச் மீட்டர் 2.4, ஓஆர்பி 255, தண்ணீர் பச்சை. புத்தகத்தில் உள்ளபடியே எல்லாம். ஒரு குழாயில் எடுத்துச் சோதனைக் கரைசலை விட்டேன். வெளிர் ஊதா. அண்ணன் குழாயைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தம்பி, கண்ணுக்குப் பச்சையாத்தானே இருக்கு?" என்றார்.

பச்சைதான். ஆனால் லிட்டருக்கு 80 மில்லிகிராம் பச்சைக்குள் ஒன்றிரண்டு மில்லிகிராம் மஞ்சள் ஒளிந்துகொண்டால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

வாளி கட்டித் தொட்டியின் எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் எடுத்து பிஎச் தாளை நனைத்தேன். மூன்றரைக்கும் நாலுக்கும் இடையே நின்றது நிறம். கையடக்க மீட்டர் 3.6 என்றது. தொட்டி மீட்டரோ இன்னும் 2.4 காட்டிக்கொண்டிருந்தது.

இந்த ஒரு புள்ளி இரண்டு வித்தியாசம் சின்னது இல்லை. பிஎச் இரண்டுக்குக் கீழே இந்த வினை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். மூன்றில் அரை மணி நேரம் பிடிக்கும். நான்கை நெருங்கினால் நாம் காத்திருக்கும் நேரத்துக்குள் முடியவே முடியாது. அதைவிட மோசமான விஷயம் இன்னொன்று: ஓஆர்பி எண்ணும் பிஎச்சோடு சேர்ந்து நகரும். பிஎச் ஏறினால், வினை முடியாமலேயே ஓஆர்பி 250-க்கு இறங்கிவிடும். ஒரு மீட்டர் பொய் சொன்னால் இன்னொரு மீட்டரின் உண்மையும் பொய்யாகிவிடுகிறது. மெட்டாவை அளந்து விடும் டோசிங் பம்பு அந்த 250-ஐப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தது.

தண்ணீருக்குள் நிற்கும் பிஎச் மீட்டரின் முனையான எலக்ட்ரோடைக் கழற்றினேன். கண்ணாடிக் குமிழின் மேல் வழுவழுப்பான வெண்பழுப்பு ஏடு. நகத்தால் தேய்க்கக் கூடாது, கீறல் விழும். ஐந்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பத்து நிமிடம் ஊறவைத்து, தண்ணீரில் அலசி, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஒரு மணி நேரம் விட்டேன். பிறகு பிஎச் 4, 7 என்று உறுதியாகத் தெரிந்த பஃபர் கரைசல்களில் அளவிட்டுத் திருத்தினேன். சுத்தம் செய்வதற்கு முன்பு 0.4 தவறாகக் காட்டியிருக்கிறது. மீதி 0.8?

மீதிக்குக் காரணம் மாட்டியிருந்த இடம். போன வருடம் புதுத் தாங்கி வைத்தபோது அமிலம் விழும் குழாய்க்கு இரண்டு சாண் கீழே எலக்ட்ரோடை மாட்டிவிட்டார்கள். அமிலம் விழுந்ததும் கலங்குவதற்கு முன்பே எலக்ட்ரோடைத் தொட்டுவிடும். மீட்டர் உடனே 2.4 காட்டும், பம்பு நின்றுவிடும். தொட்டியின் மற்ற பகுதிக்கு அமிலம் போய்ச் சேர்ந்தால் அது 3.6. தாங்கியைக் கழற்றி எதிர்ச் சுவரில், கலக்கியின் ஓட்டம் வந்து மோதும் இடத்தில் மாட்டினோம். நான்கு போல்ட்டும் ஒரு கேபிள் நீட்டிப்பும்தான் வேலை, மத்தியானத்துக்குள் முடிந்தது.

ஓஆர்பி எலக்ட்ரோடையும் விடவில்லை. பிஎச் 4, பிஎச் 7 பஃபர் இரண்டிலும் ஒரு சிட்டிகை குவின்ஹைட்ரோன் தூளைக் கரைத்து முக்கிப் பார்த்தால் இரண்டு எண்களுக்கும் இடையே 170 மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வர வேண்டும். எங்களுக்கு 120 வந்தது. பிளாட்டின வளையத்தை நனைத்த மெல்லிய தேய்ப்புத் தூளால் துடைத்ததும் 172. இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. மாதம் ஒருமுறை செய்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

புதிதாக ஒரு தொட்டி ஓட்டினோம். பிஎச் 2.3, அரை மணி நேரம் கலக்கல், ஓஆர்பி 260. நான்கு மூலையிலிருந்தும் மாதிரி. நான்கு குழாயும் நிறமற்று நின்றன. அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சுண்ணாம்பு போட்டு பிஎச் 8.5-க்கு ஏற்றிப் பொதுத் தொட்டியில் இரவு முழுக்கப் படிய விட்டோம்.

காலையில் வந்து மேல்தண்ணீரைச் சோதித்தால் மறுபடியும் ஊதா.

இல்லாத இடத்தில் எப்படி வந்தது

அன்று முழுவதும் நான் எதையும் திருகவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். குறைப்புத் தொட்டியிலிருந்து வெளியேறும்போது ஹெக்ஸா குரோம் இல்லை. இது உறுதி. படிய வைத்த பிறகு இருக்கிறது. இதுவும் உறுதி. நடுவில் யாரும் குரோமிக் அமிலத்தைக் கொட்டவில்லை. அப்படியென்றால் மூன்றாக்கிய குரோமியத்தை ஏதோ ஒன்று திரும்பவும் ஆறாக்கியிருக்கிறது.

முந்தின நாள் எடுத்து வைத்த பச்சைத் தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சுண்ணாம்பு போட்டு 8.5-க்கு ஏற்றிய பீக்கர் மேசையில் அப்படியே இருந்தது. அதன் மேல்தண்ணீரைச் சோதித்தேன். நிறமே இல்லை. ஒரே தண்ணீர், ஒரே சுண்ணாம்பு, ஒரே பிஎச், ஒரே இரவு. பீக்கரில் சுத்தம், தொட்டியில் ஊதா. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். தொட்டிக்குள் வருவது குரோம் தண்ணீர் மட்டும் இல்லை. சயனைடு பக்கத் தண்ணீரும் அங்கேதான் வருகிறது.

சயனைடை அழிக்க நாங்கள் ஹைப்போகுளோரைட் பயன்படுத்துகிறோம். முதல் படியில் பிஎச் பத்தரைக்கு மேல் வைத்து சயனைடை சயனேட்டாக்குவது. பத்துக்குக் கீழே இறங்கினால் சயனோஜன் குளோரைடு என்ற நச்சு வாயு கிளம்பும், அதனால் அந்த வரம்பு கண்டிப்பு. இரண்டாம் படியில் பிஎச் 8.5-க்குக் கொண்டுவந்து இன்னும் ஹைப்போகுளோரைட் விட்டு நைட்ரஜனாகவும் கரியமில வாயுவாகவும் முழுமையாக உடைப்பது. வேலை முடிந்ததற்கு அடையாளமே தண்ணீரில் குளோரின் கொஞ்சம் மிச்சம் நிற்பது. அந்த மிச்சம் எங்கே போகிறது? பொதுத் தொட்டிக்கு. அங்கே காரத் தண்ணீரில் புதிதாக உருவான குரோமியம் ஹைட்ராக்சைடு காத்துக்கொண்டிருக்கிறது.

குளோரின் பட்டால் நீலமாகும் பொட்டாசியம் அயோடைடு ஸ்டார்ச் தாளை சயனைடு பக்கத் தண்ணீரில் நனைத்தேன். தொட்ட மாத்திரத்தில் மைநீலம். கொஞ்சநஞ்ச மிச்சம் இல்லை, ஏராளம்.

வேலைப் பதிவேட்டைப் புரட்டினோம். மூன்று வாரத்துக்கு முன்பு வரை ஹைப்போகுளோரைட் பம்பு ஒரு தொட்டிக்கு 20 நிமிடம் ஓடியிருக்கிறது. அப்புறம் 35 நிமிடம். இரவு ஷிஃப்ட்டில் இருந்த இளைஞர் ஒருவர் கூட்டியிருந்தார். கேட்டபோது மறைக்காமல் சொன்னார்: "சயனைடு மிச்சம் இருந்துடக் கூடாதேன்னு பயமா இருந்துச்சு அண்ணா." சயனைடைப் பார்த்துப் பயப்படுவது சரியான பயம். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. சயனைடு தொட்டியில் கூட்டியது குரோம் தண்ணீரில் போய் என்ன செய்யும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஊகத்தை ஊகமாகவே வைத்துத் தொட்டியைத் திருத்த நான் விரும்பவில்லை. மூன்று பீக்கர் வைத்தேன். மூன்றிலும் பிஎச் 8.5-க்கு ஏற்றிய பச்சைக் கூழ், அரை லிட்டர். முதலாவதில் சாதாரணத் தண்ணீர் அரை லிட்டர். இரண்டாவதில் சயனைடு சுத்தமாக அழிந்துவிட்டது என்று சோதித்து உறுதி செய்த, குளோரின் மிச்சமுள்ள தண்ணீர் அரை லிட்டர். மூன்றாவதில் அதே தண்ணீர், ஆனால் குளோரினை முன்கூட்டியே மெட்டா விட்டு நீக்கியது. மெதுவாகக் கலக்கிவிட்டு இரவு மூடி வைத்தேன்.

காலையில் பீக்கர்களை வெள்ளைத்தாள் மேல் வரிசையாக நிறுத்தினோம். ஒன்றும் மூன்றும் தண்ணீர் நிறத்திலேயே இருந்தன, அடியில் சாம்பல் கலந்த பச்சைப் படிவு. நடுவில் இருந்த பீக்கரின் மேல்தண்ணீர் வெளிறிய மஞ்சள். சோதனைக் கரைசல்கூடத் தேவைப்படவில்லை. ஆனாலும் குளோரினே அந்தக் கரைசலோடு விளையாடி ஏமாற்றக் கூடும் என்பதால், மேல்தண்ணீரை வடித்து ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தேன். அயோடைடு தாளில் நீலம் வராத வரை காத்திருந்து, அப்புறம் சோதித்தேன். அடர் ஊதா. அண்ணன் நடு பீக்கரைத் தூக்கிக்கொண்டு நேராக இரவு ஷிஃப்ட் இளைஞரிடம் போய்க் காட்டிவிட்டு வந்தார். திட்டவில்லை, "இத பார்த்துக்கோ, நல்லா ஞாபகம் வச்சுக்கோ" என்று மட்டும் சொன்னாராம்.

சேர்த்ததுமே எடுத்துச் சோதித்தபோது ஏன் தெரியவில்லை என்பதும் இதில் புரிந்தது. இந்த வினைக்கு மணிக்கணக்கில் நேரம் பிடிக்கிறது. அண்ணன் சுண்ணாம்பு போட்ட பத்தாவது நிமிடத்தில் மாதிரி எடுப்பார், சுத்தமாக இருக்கும். தண்ணீர் இரவெல்லாம் தொட்டியில் நிற்கும்போதுதான் குரோமியம் திரும்பவும் எழுந்து வருகிறது. நாம் சோதித்த நேரத்துக்கும் வெளியே விட்ட நேரத்துக்கும் நடுவில் ஒரு முழு இரவு இருந்தது.

திருத்தம்

ஹைப்போகுளோரைட் அளவைப் பழையபடி குறைத்தோம். ஆனால் அது மட்டும் போதாது, மிச்சக் குளோரின் கொஞ்சமாவது இருக்கத்தான் செய்யும். ஆகவே சயனைடு தொட்டிக்கும் பொதுத் தொட்டிக்கும் நடுவில் ஒரு படியைச் சேர்த்தோம். சயனைடு சோதனை சுழியம் காட்டிய பிறகு, மீண்டும் சொல்கிறேன், சுழியம் காட்டிய பிறகு மட்டுமே, மெட்டாபைசல்பைட் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு அயோடைடு தாளில் நீலம் மறையும்வரை கொண்டுபோவது. ஒரு கிராம் குளோரினுக்கு 1.34 கிராம் மெட்டா. மெட்டா கரைசல் அமிலத்தன்மை உள்ளது. சயனைடு மிச்சம் இருக்கும் தண்ணீரில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். அதற்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதனால் பிஎச் 8-க்குக் கீழே இறங்கினால் டோசிங் தானாக நிற்கும்படி ரிலே ஒன்றைச் சேர்த்தேன். குரோம் பக்கத்து மெட்டா டேங்கிலிருந்து குழாய் இழுத்தால் வேலை சுலபம் என்று ஒரு யோசனை வந்தது. மறுத்துவிட்டேன். குரோம் பக்கம் அமிலப் பக்கம். அமிலப் பக்கத்தையும் சயனைடு பக்கத்தையும் இணைக்கும் குழாய் ஒன்றுகூட இந்த நிலையத்தில் இருக்கக் கூடாது. தனியாக ஒரு சின்ன டேங்க், தனிப் பம்பு, வேறு நிறக் குழாய்.

தேவைக்கு மேல் மெட்டா விடுவதும் நல்லதில்லை. மிஞ்சியது வெளியேறும் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், மீனுக்கு மூச்சு இருக்காது. தாளில் நீலம் மறைந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

எட்டாம் நாள் இரவு படிய வைத்த தண்ணீர் ஒன்பதாம் நாள் காலையில் நிறமற்று நின்றது. அன்று மாலை மறுபடியும் எடுத்தேன். அப்போதும் நிறம் இல்லை.

நிக்கல் விட்டுவைத்த வேலை

குரோம் சரியானதும் முழு ஆய்வுக்கு அனுப்பினேன். குரோம் சுத்தம், ஆனால் நிக்கல் லிட்டருக்கு 6 மில்லிகிராம். இது புது விஷயமில்லை. குரோமியம் ஹைட்ராக்சைடு பிஎச் ஏழரையிலிருந்து எட்டரைக்குள் மிகக் குறைவாகக் கரையும். பத்தைத் தாண்டினால் திரும்பக் கரையத் தொடங்கும். நிக்கலுக்கு பத்தே கால் வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் ஒரே பிஎச்சில் பிடிக்க நினைத்தால் ஒன்று தப்பித்துவிடும். நாங்கள் இவ்வளவு நாளும் இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். பயன்படாமல் கிடந்த இரண்டாயிரம் லிட்டர் தொட்டியை நிக்கலுக்குத் தனியாக ஒதுக்கி, காஸ்டிக் விட்டு 10.3-இல் படிய வைத்தோம். 0.7-க்கு வந்துவிட்டது. மின்சாரம் இல்லாமல் பூசும் நிக்கல் குளியலின் பழைய கரைசலை மட்டும் இதில் ஊற்றவே கூடாது. அதில் இருக்கும் சிட்ரேட் போன்ற பொருள்கள் நிக்கலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எந்த பிஎச்சிலும் இறங்க விடாது. அதைத் தனிக் கேனில் பிடித்து வெளியே சுத்திகரிக்க அனுப்புகிறோம்.

கசடு

இது பற்றிப் பலர் பேசுவதில்லை, ஆனால் தண்ணீரிலிருந்து எடுத்த நஞ்செல்லாம் இதில்தான் இருக்கிறது. ஹைட்ராக்சைடு முதலில் பொடிப்பொடியாக மிதக்கும், தானாக இறங்காது. பாலிமர் கரைசல் லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் அளவுக்குச் சேர்த்து, கலக்கியின் வேகத்தைக் குறைத்தால், பால் திரிவதுபோலத் திட்டுத் திட்டாகச் சேர்ந்து இறங்கும். அந்த நேரத்தில் வேகமாகக் கலக்கினால் திட்டுகள் உடைந்துவிடும், மறுபடி சேராது. எங்கள் கலக்கி ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வேகம் மாற்றும் டிரைவ் ஒன்று பொருத்தியதும் படியும் நேரம் பாதியானது. பாலிமர் தூளையும் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. சுழலும் தண்ணீரின் ஓரத்தில் உப்புத் தூவுவதுபோலத் தூவ வேண்டும். இல்லையென்றால் வெளியே வழுக்கல், உள்ளே காய்ந்த தூள் என்று கட்டி கட்டியாக மிதக்கும்.

பிரஸ்ஸிலிருந்து விழும் பச்சைப் பலகைகளை முன்பெல்லாம் எடை குறைய வேண்டும் என்று பாய்லர் பக்கத்தில் போட்டுக் காயவைப்பார்கள். அதை நிறுத்திவிட்டேன். சுண்ணாம்பு கலந்த குரோமியக் கசடு காற்றில் சூடானால் மூன்று திரும்பவும் ஆறாகிவிடும். தொட்டியில் குளோரின் செய்த அதே வேலையை இங்கே சூடும் ஆக்சிஜனும் செய்யும். இப்போது நிழலில், கூரைக்குக் கீழே, கசிவு பிடிக்கும் தட்டின் மேல் வைத்து, ஆபத்தான கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் நிலத்துக்கு அனுப்புகிறோம். ஒவ்வொரு முறையும் ஒரு துண்டை உடைத்துத் தண்ணீரில் ஊறவைத்து, ஊதா வருகிறதா என்று பார்த்த பிறகே வண்டி ஏறும்.

பதினொன்றாம் நாள் அறிக்கை வந்தது. ஹெக்ஸா குரோம், கண்டறியும் அளவுக்குக் கீழே. வால்வைத் திறந்தேன்.

இப்போது ஒரு தொட்டிக்கு மூன்று இடத்தில் ஊதாச் சோதனை நடக்கிறது. குறைப்பு முடிந்ததும் ஒன்று, சுண்ணாம்பு போட்டதும் ஒன்று, வெளியே விடும் காலையில் ஒன்று. மூன்றாவதுதான் இத்தனை நாள் இல்லாமல் இருந்தது. பதிவேட்டில் அதற்கென்று புதிதாக ஒரு கட்டம் கோடு போட்டுச் சேர்த்தோம். அண்ணன் அந்தக் கட்டத்தை வேறு யாரையும் நிரப்ப விடுவதில்லை. காலையில் வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் குழாயை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய்விடுகிறார்.